குளிரில் கெடும் பால்

ஐந்தாறு நாள் ஃப்ரிட்ஜில் கிடந்த பாலை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் புளித்த வாடை வராது. பார்வைக்கும் குறை தெரியாது. அதைச் சுடச்சுட டிக்காஷனில் ஊற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். டம்ளரின் ஓரமெல்லாம் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் லேசாகக் கசக்கும். சித்திரை மதியத்தில் அடுப்பு மேடையில் மறந்து வைத்த பச்சைப் பால் இப்படிக் கெடுவதில்லை. அது புளிக்கும், கெட்டிப்படும், மேலே நீர் பிரிந்து நிற்கும்.

இரண்டும் கெட்ட பால்தான். ஆனால் கெடுத்தவை வேறு வேறு நுண்ணுயிர்கள். வெயிலில் வேலை செய்கிற கூட்டத்தை ஃப்ரிட்ஜ் முடக்கிப் போடுகிறது. அந்த இடத்தில், குளிரைப் பொருட்படுத்தாத இன்னொரு கூட்டம் நிதானமாக வேலையைத் தொடங்குகிறது. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைக்கிற வீட்டில்தான் பால் அதிகம் கெடுகிறது. குளிர் எதையும் கொல்லாது, வேகத்தை மட்டுமே குறைக்கும். ஆகவே பால் உள்ளே போகும்போது எந்த நிலையில் போகிறது, உள்ளே போவதற்கு முன் எத்தனை நேரம் வெளியே இருந்தது என்பதுதான் அது எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில் வெளியே கெடும் பாலைப் பார்ப்போம். பால் தானாகப் புளிக்கிறது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1857-இல் பிரான்சின் லீல் நகரில் இருந்த லூயி பாஸ்டர், அப்படிப் புளிப்பதற்கு உயிருள்ள நுண்ணுயிர்களே காரணம் என்று எழுதினார். இருபது ஆண்டு கழித்து, அறுவை மருத்துவத்தில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டர், புளித்த பாலைத் திரும்பத் திரும்ப நீர்க்கச் செய்துகொண்டே போய் அதிலிருந்து ஒரே ஒரு வகை பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிற இனம். நம் உறைமோரில் இருப்பதும் இதன் சொந்தபந்தங்கள்தான்.

அமிலம் சேர்ந்தால் பால் ஏன் திரிகிறது? பாலின் புரதத்தில் பெரும்பங்கு கேசீன். அது தனித்தனி மூலக்கூறாகக் கரைந்திருப்பதில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கு போட்டால் அதில் ஒன்றிரண்டு பங்குதான் ஓர் உருண்டையின் அளவு. பாலுக்கு வெண்மை தருவதில் இந்த உருண்டைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் மயிரிழை போல ஒரு புரத அடுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. புதுப் பாலின் பி.எச். அளவு 6.6 முதல் 6.8 வரை. அமிலம் கூடக்கூட அது இறங்கும், மின்னேற்றம் குறையும். 4.6-க்கு வரும்போது விலக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாமல் கேசீன் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுதான் தயிர். அடுப்பில் வைக்கிறபோது அவ்வளவு தூரம் இறங்க வேண்டியதில்லை. பி.எச். 6-ஐ நெருங்கும் பாலே சூட்டில் திரிந்துவிடும். காலையில் வாங்கிய பால் நன்றாகத்தான் இருந்தது, காய்ச்சும்போது திரிந்துவிட்டது என்கிறோமே, அந்தப் பால் அடுப்பேறும் முன்பே பாதி தூரம் போய்விட்டது.

லாக்டிக் அமிலக் கூட்டத்துக்கு 30 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை கொண்டாட்டம். 10 டிகிரிக்குக் கீழே அவற்றுக்கு ஏறக்குறைய உறக்கம். அந்த இடத்தில்தான் சூடோமோனாஸ் என்கிற இனம் நுழைகிறது. இது மண்ணிலும் நீரிலும் எங்கும் இருப்பது. பால் பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரில், சரியாகத் துலக்காத குழாயின் உட்புறத்தில், மூடியின் ரப்பர் வளையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். 4 டிகிரியிலும் இது வளரும், மெதுவாக. லாக்டோஸைப் புளிக்கவைப்பதில் இதற்கு ஆர்வம் இல்லை. புரதத்தையும் கொழுப்பையும் வெட்டும் நொதிகளைச் சுரக்கிறது. கேசீன் உருண்டைகளின் மேலிருக்கும் அந்த மயிர் அடுக்கைப் புரத நொதி கத்தரித்துவிட்டால், துளி அமிலம் இல்லாமலே உருண்டைகள் ஒட்டத் தொடங்கும். பாலாடைக்கட்டி செய்ய கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியைப் பயன்படுத்துகிறார்களே, ஏறத்தாழ அதே வேலை. வெட்டுப்பட்ட புரதத் துண்டுகள் சில கசக்கும். கொழுப்பு நொதி தன் பங்குக்கு பியூட்டிரிக் அமிலம் போன்றவற்றை விடுவிக்க, பழைய வெண்ணெயின் குமட்டும் வாடை வருகிறது. ஃப்ரிட்ஜில் கெட்ட பால் புளிக்காமல் கசப்பதற்கும், டிக்காஷனின் சூட்டையும் லேசான அமிலத்தையும் தாங்காமல் உதிர்வதற்கும் இதுதான் காரணம். அதில் உறை ஊற்றினாலும் நல்ல தயிர் கிடைக்காது.

இதில் ஒரு விஷமம் இருக்கிறது. சூடோமோனாஸைக் கொல்வது எளிது, பாஸ்டர் முறைச் சூடே போதும். அது சுரந்துவிட்டுப் போன நொதிகளை அழிப்பதுதான் கடினம். பாக்டீரியா செத்த பிறகும் நொதி பாலில் இருந்துகொண்டு வெட்டிக்கொண்டே இருக்கும். அட்டைப்பெட்டியில் மாதக்கணக்கில் தாங்கும் பாலை 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டிலும் இந்த நொதிகளில் ஒரு பகுதி தப்பிப் பிழைக்கும். கிருமியே இல்லாத பெட்டிப்பால் சில மாதம் கழித்துக் கசப்பதும், அடியில் கூழாகப் படிவதும் இதனால்தான். பால் சூடாவதற்கு முன், பண்ணையிலும் வண்டியிலும் எப்படி இருந்தது என்பதன் தடயம் கடைசிவரை அழிவதில்லை.

அதனால்தான் பால் வணிகம் முழுவதுமே நேரத்தோடு நடத்தும் ஓட்டப்பந்தயமாக இருக்கிறது. மடியிலிருந்து வரும் பால் உடல் சூட்டில் இருக்கும். அதில் இயல்பாகவே உள்ள சில பாதுகாப்புப் பொருள்கள் கிருமிகளைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும். அந்தச் சலுகை சில மணி நேரம்தான். கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்களில் பெரிய குளிர்விப்புத் தொட்டிகளை வைத்து, வந்த பாலை அங்கேயே 4 டிகிரிக்குக் கொண்டுபோவது இதற்காகத்தான்.

பாலின் தரத்தைப் பார்க்க ஆய்வுக்கூடங்களில் ஓர் அழகான சோதனை இருக்கிறது. சோதனைக்குழாயில் 10 மில்லி பச்சைப் பாலை எடுத்து, மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை 1 மில்லி விடுவார்கள். பால் முழுக்க வெளிர்நீலமாகிவிடும். 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் குழாயை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். உள்ளே உள்ள பாக்டீரியாக்கள் பாலில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்ததும் சாயம் நிறமிழக்கும், குழாய் மறுபடி வெள்ளையாகும். நீலம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்றால் மிக நல்ல பால். அரை மணிக்குள் வெளுத்துவிட்டால் தேறாத பால். எந்த நுண்ணோக்கியும் இல்லாமல், கிருமிகளின் மூச்சையே கணக்கெடுக்கும் வித்தை இது.

பால் பண்ணையில் பால், பாஸ்டர் முறைப்படி, 72 டிகிரியில் 15 நொடி சூடாக்கப்பட்டு உடனே குளிர்விக்கப்படுகிறது. சிறிய அளவில் செய்பவர்கள் 63 டிகிரியில் 30 நிமிடம் வைப்பார்கள். காசநோய்க் கிருமி, சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற நோய்க் கிருமிகள் இதில் மடிந்துவிடும். பாலைக் கெடுப்பவற்றில் பெரும்பகுதியும் மடியும். எல்லாம் மடிவதில்லை. இந்தியத் தர விதிகளே பதப்படுத்திய பாலில் ஒரு மில்லிக்கு 30,000 என்ற அளவில் பாக்டீரியாக்களை அனுமதிக்கின்றன. பேசில்லஸ் இனங்கள் தடித்த ஓடு போர்த்திய வித்துகளாக உருமாறிச் சூட்டைத் தாண்டி வந்துவிடும். பாக்கெட்டில் அடைக்கும் இடத்தில் சூடோமோனாஸ் ஒன்றிரண்டு மறுபடி ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

ஒன்றிரண்டு என்றால் என்ன கெட்டுவிடும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லி பாலில் பத்தே பத்து பாக்டீரியா இருப்பதாக வையுங்கள். அது ஒரு கோடியைத் தொடும் வாக்கில்தான் மூக்கும் நாக்கும் குறை கண்டுபிடிக்கும். பத்து ஒரு கோடியாக, இருபது முறை இரட்டிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் இனம் என்றால் பத்து மணி நேரத்தில் கதை முடிந்தது. 4 டிகிரியில் இரட்டிக்க ஏழு மணி நேரம் பிடிக்கிறது என்றால் 140 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஆறு நாள். ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிராமல் 10 டிகிரியில் நின்று, இரட்டிக்கும் நேரம் மூன்றரை மணியாகச் சுருங்கினால் மூன்றே நாள். இவை சோதனைக்கூட அளவுகள் அல்ல, விகிதம் புரிவதற்கான தோராயம். ஆனால் ஒன்று இதில் பளிச்சென்று தெரியும். நன்றாகச் சூடேறிய பால் வெளியே கிடக்கும் ஒவ்வொரு அரை மணியும், ஃப்ரிட்ஜுக்குள் அதற்கு வாய்த்திருந்த ஏழு மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது. விடியற்காலையில் கேட்டில் தொங்கும் பையில் பால்காரர் போட்டுவிட்டுப் போன பாக்கெட்டை எட்டு மணிக்கு எடுக்கிற வீட்டுக்கும், ஐந்தரைக்கே எடுத்து உள்ளே வைக்கிற வீட்டுக்கும் ஒரே ஃப்ரிட்ஜ் இரண்டு விதமாக வேலை செய்வதன் ரகசியம் இதுதான்.

பதப்படுத்திய பாலைக் காய்ச்ச வேண்டுமா என்ற விவாதம் அடிக்கடி எழுகிறது. பண்ணையிலிருந்து வீடுவரை 4 டிகிரி எங்கும் அறுபடவில்லை என்றால் தேவையில்லை, அப்படியே குடிக்கலாம். அந்தச் சங்கிலி பெரும்பாலும் கடைசிக் கிலோமீட்டரில்தான் அறுகிறது. தெருமுனைக் கடை வாசலில் பிளாஸ்டிக் கிரேட்டுகள் வெயில் ஏறும்வரை அடுக்கிக் கிடப்பதைப் பார்த்த எவருக்கும் காய்ச்சாமல் குடிக்கத் துணிவு வராது. நம் வீடுகளில் காய்ச்சுவது தேவையற்ற பழக்கம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் கவலை காய்ச்சுவதைப் பற்றியதல்ல, காய்ச்சிய பிறகு செய்வதைப் பற்றியது.

காலை ஆறரைக்குப் பால் பொங்குகிறது. அடுப்பை அணைத்து, தட்டைப் போட்டு மூடி, ஆறட்டும் என்று மேடையில் விடுகிறோம். சமையல், குளியல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் முடிந்து பத்து மணிக்கு ஃப்ரிட்ஜ் நினைவுக்கு வருகிறது. இந்த மூன்றரை மணி நேரத்தில் பால் 100 டிகிரியிலிருந்து முதலில் வேகமாக இறங்கும். 60-க்குக் கீழே வந்ததும் வேகம் தளர்ந்துவிடும். சூட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய ஆறும் வேகமும் குறையும் என்பது நியூட்டன் சொன்னது. முப்பத்திரண்டு டிகிரி சமையலறையில் 45-இலிருந்து 35-க்கு வரும் பகுதிதான் இருப்பதிலேயே நீளமானது. கிருமிகளுக்கு மிகவும் பிடித்த சூடும் அதுதான். கொதியில் தப்பிய பேசில்லஸ் வித்துகளுக்கு அந்தச் சூடே விழித்தெழச் சொல்லும் அழைப்பாகிறது. போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை, எல்லாம் செத்துப்போயிற்று. மொத்தப் பாலும் அவற்றுக்குத்தான்.

இதற்குத் தீர்வு ஓர் அகலப் பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர். பால் சட்டியை அதில் இறக்கி வைத்து, கரண்டியால் நாலு கிளறு கிளறி, தண்ணீர் வெதுவெதுப்பானதும் ஒருமுறை மாற்றினால் போதும். தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மேடையில் மணிக்கணக்கில் நடப்பது இதில் இருபது முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். கரண்டி சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொதிக்கக் கொதிக்க நேரே ஃப்ரிட்ஜில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு லிட்டர் பாலை 60 டிகிரியிலிருந்து 5-க்கு இறக்க வெளியேற்ற வேண்டிய வெப்பம், சுமார் 650 கிராம் பனிக்கட்டியை உருக்கப் போதுமானது. அத்தனையையும் அந்தப் பெட்டி வாங்கி வெளியே தள்ளுவதற்குள் பக்கத்தில் இருக்கும் நேற்றைய தயிரும் கீரையும் சூடேறிவிடும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் நம் வீடுகளில் இரண்டு வழிகள் இருந்தன. இரண்டுமே அறிவியலுக்கு நன்றாக ஒத்துவருபவை. ஒன்று, வறட்டித் தணலில் பால் சட்டியை நாள் முழுக்க ஏற்றி வைப்பது. கொதிக்காது, ஆறவும் ஆறாது. ஆடை தடித்துச் செந்நிறமாகும். சட்டியின் சூடு 60 டிகிரிக்கு மேலேயே நிற்பதால் கிருமிகள் தலைதூக்க முடியாது. 5-க்குக் கீழே வைக்க வழியில்லாதவர்கள் 60-க்கு மேலே வைத்துக் காத்தார்கள். சாயங்காலம் இறக்கி உறை ஊற்றிவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போயாயிற்று.

இன்னொன்று, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை காய்ச்சுவது. வானம் ஏன் நீலம் என்பதற்கு விளக்கம் தேடிய அதே ஜான் டிண்டால் 1877-இல் லண்டனில் இதன் தத்துவத்தைக் கண்டெடுத்தார். உலர்ந்த புல்லை ஊறவைத்த நீரை மணிக்கணக்கில் கொதிக்க வைத்தும் அதில் பாக்டீரியா மீண்டும் முளைத்துக்கொண்டே இருந்தது. ஒரேயடியாக நெடுநேரம் கொதிக்க வைப்பதற்குப் பதிலாக, கொஞ்ச நேரம் கொதிக்கவைத்து, இடைவெளி விட்டு, மறுபடி கொதிக்கவைத்துப் பார்த்தார். நீர் சுத்தமாகிவிட்டது. முதல் கொதியில் தப்பிய வித்துகள் இடைவெளியில் ஓட்டை விட்டு வெளியே வருகின்றன. வெளியே வந்தவற்றை அடுத்த கொதி கொல்கிறது. நம் பாட்டிமார்கள் டிண்டாலைப் படித்ததில்லை. காலைப் பால் இரவுவரை தாங்கியதற்கு இந்தத் தத்துவமும் ஒரு காரணம்.

ஃப்ரிட்ஜ் வந்த பிறகும் அந்தப் பழக்கம் அப்படியே தொடர்கிறது. இங்கேதான் கணக்கு மாறிவிடுகிறது. குளிரில் கிடந்த வித்துகளில் பெரும்பாலானவை விழித்திருக்காது. மாலையில் மொத்தச் சட்டியையும் எடுத்துக் காய்ச்சினால் விழிக்காத வித்துக்கு ஒன்றும் ஆகாது. பிறகு மேடையில் ஆறும்போதுதான் அது விழிக்கும். ஒவ்வொரு முறை காய்ச்சி ஆறவைப்பதும் அந்த 45-35 டிகிரிப் பாதையில் பாலை இன்னொரு தடவை நடத்திக் கூட்டிப்போவதுதான். ஆகவே காலையில் ஒரே தடவை காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து உள்ளே வைத்துவிட்டு, காபிக்கு வேண்டிய ஒன்றிரண்டு டம்ளரை மட்டும் எடுத்துச் சூடாக்குவது மேல். மிச்சம் மீதியைத் திரும்பச் சட்டியில் ஊற்றக் கூடாது. நேற்றைய அரை டம்ளர் பாலை இன்றைய புதுப் பாலோடு சேர்க்கும் சிக்கனமும் அப்படித்தான். நேற்றையதில் பெருகிய கூட்டத்தை இன்றையதில் விதைத்துவிடுகிறோம். தயிர் எடுத்த கரண்டி பாலில் பட்டால் என்னவாகும் என்று எந்த வீட்டிலும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி பெட்டிக்குள்ளே எங்கே வைப்பது? ஃப்ரிட்ஜ்காரர்கள் கதவில் பாட்டில் தட்டைப் பொருத்தித் தந்துவிட்டதால் பாலும் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. அதுதான் இருப்பதிலேயே சூடான இடம். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்காற்று சரிந்து நம் காலடியில் கொட்டுகிறது, கதவுத் தட்டு முழுதாக வெளிக்காற்றுக்கு வந்துவிடுகிறது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இழுப்பறை போல ஒரு தட்டு இருக்குமே, பாலுக்கு உகந்த இடம் அதுதான். இரட்டைக் கதவு வகையில் மேல் அல்லது நடுத்தட்டின் பின்பக்கம். குளிர்காற்று வரும் துவாரத்துக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம், அங்கே பால் உறைந்துவிடும். பால் உறைவது 0 டிகிரியில் அல்ல, சுமார் மைனஸ் 0.54-இல். அதில் கரைந்துள்ள சர்க்கரையும் உப்புகளும் உறைநிலையைக் கீழே இழுக்கின்றன. இந்த எண் மாட்டுக்கு மாடு அதிகம் மாறாது என்பதால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடத்தில் இதைத்தான் நம்புகிறார்கள். தண்ணீர் கலக்கக் கலக்க உறைநிலை பூஜ்யத்தை நோக்கி ஏறும்.

உள்ளே திருகும் குமிழில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி கணக்கல்ல. எண் கூடினால் குளிர் கூடும் என்பதற்கு மேல் அவை ஒன்றும் சொல்வதில்லை. மார்கழிக்குச் சரியாக இருந்த எண் வைகாசிக்குப் போதாது. உண்மை நிலவரம் தெரிய, ஒரு டம்ளர் தண்ணீரில் சமையல் வெப்பமானியைப் போட்டுப் பால் வைக்கும் இடத்தில் இரவு முழுக்க வைத்து, விடிந்ததும் முதல் ஆளாகக் கதவைத் திறந்து பாருங்கள். காற்றின் குளிர் கதவு திறந்ததும் மாறிவிடும். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது, பாலும் அப்படித்தான். 5-ஐத் தாண்டியிருந்தால் குமிழைத் திருகுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் பொருள்களை நெருக்கி அடைத்திருக்கிறீர்கள், அல்லது கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது. ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் மாற்ற வேண்டிய நேரம்.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நம் ஊரில் முழுமையாகாது. பல வீடுகளில் இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான், ஃப்ரிட்ஜுக்கு இணைப்பு இருக்காது. கதவைத் திறக்காமல் விட்டால் சுமார் 4 மணி நேரம் உள்ளே குளிர் நிற்கும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறையினர் தரும் கணக்கு. கரண்ட் போனதும் உள்ளே இன்னும் குளிர்கிறதா என்று திறந்து திறந்து பார்ப்பதுதான் குளிரைத் துரத்துகிறது. கெடக்கூடிய உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான் என்பதும் அவர்கள் சொல்வதே. அவர்களுக்கு 32 டிகிரி என்பது விதிவிலக்கு. சென்னைச் சமையலறைக்கு அதுதான் விதி.

பலாப்பழச் சுளையைத் திறந்த பாத்திரத்தில் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜில் பாலைத் திறந்து வைத்தால் காபியே பலாப்பழமாக மணக்கும். வாசனைப் பொருள்கள் பெரும்பாலும் கொழுப்பில் கரைபவை, பாலில் கொழுப்பு இருக்கிறது. வெளிச்சமும் பாலுக்கு ஆகாது. அதிலுள்ள வைட்டமின் பி2 ஒளியை வாங்கிக்கொண்டு பக்கத்திலிருக்கும் புரதத்தையும் கொழுப்பையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். வெயில் பட்ட கண்ணாடி பாட்டில் பாலில் கருகிய இறகும் முட்டைக்கோசும் கலந்த மாதிரி ஒரு வாடை வருவது இதனால். ஃப்ரிட்ஜுக்குள் மூடிய எவர்சில்வர் பாத்திரம் இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து. பாக்கெட்டையே வெட்டி டம்ளரில் நிறுத்தி வைப்பவர்கள், வெட்டுவதற்கு முன் பாக்கெட்டின் வெளிப்புறத்தைக் கழுவுங்கள். கிரேட், வண்டி, கடை, வாசல் என்று ஊரெல்லாம் சுற்றி வந்த பிளாஸ்டிக் அது. கத்தரிக்கோலையும் சேர்த்துக் கழுவுவது நல்லது.

பால் திரியாமல் இருக்க ஒரு சிட்டிகை சமையல் சோடா போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சோடா காரம். சேர்ந்த அமிலத்தை அது முறித்துவிடும், அதனால் பால் திரியாது. கிருமிகள் குறைவதில்லை. அமிலம் அவற்றுக்கே ஒரு கட்டத்தில் பகை, அதையும் நீக்கிக் கொடுத்து விருந்து வைக்கிறோம். கெட்ட பால் தன்னைக் காட்டிக்கொடுக்கும் அடையாளத்தை அழிப்பதுதான் சோடாவின் வேலை. விற்கிற பாலில் சேர்த்தால் சட்டப்படி அது கலப்படம்.

சந்தேகமான பாலை நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பதும் நம்பத் தகுந்ததல்ல. பேசில்லஸ் சீரியஸ் என்ற இனத்தில் சில வகைகள், வெளியே மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றிலும் பாலிலும் வாந்தியை வரவழைக்கும் ஒரு நச்சை உண்டாக்கும். கொதிக்கவைத்தால் அதை உண்டாக்கிய பாக்டீரியா சாகும், நச்சு அப்படியே இருக்கும். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவர்களோ இருந்தால் இப்படிப்பட்ட பாலில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஊருக்குப் போகிறோம், இரண்டு பாக்கெட் மிச்சம் என்றால் ஃப்ரீசர் கைகொடுக்கும். மைனஸ் 18 டிகிரியில் எந்த பாக்டீரியாவும் வளராது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பக் கூடாது. உருக்கும்போது மேடையில் வைக்காமல் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். பனிப் படிகங்கள் கொழுப்புத் துளிகளின் உறையைக் கிழித்திருக்கும் என்பதால் மேலே நெய் மாதிரிப் புள்ளிகள் மிதக்கலாம், அடியில் மணல் போல லேசாகப் படியலாம். காய்ச்சும்போது கலக்கிவிட்டால் காபிக்கும் பாயசத்துக்கும் குறையில்லை.